குமாரசாமி கேட்ட மஞ்சள் துணி

"மஞ்சத்துணி ஒண்ணு வேணுமாமா."

குமாரசாமி இதைத் தெய்வாத்தாளைப் பார்த்துச் சொல்லவில்லை. துணி மூட்டை ஏற்றியிருந்த மாட்டுவண்டியின் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார். கிணற்றுத் தகராறில் அவர் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் பேச்சு அற்றுப்போன நாளிலிருந்து அவர் வழக்கம் இதுதான். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் கதவிடம் சொல்வார், கன்றுக்குட்டியிடம் சொல்வார். பக்கத்தில் நிற்கிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது.

தெய்வாத்தாளும் சக்கரத்துக்கே பதில் சொன்னாள்.

"நேத்து செவப்புதான வாங்கிக் கட்டுனது? விடியறதுக்குள்ள செவப்புக்கு என்ன கேடு வந்துச்சாமா?"

"கேக்கறவிகளுக்கெல்லாம் பதில் சொல்லோணும்னு உத்தரவு ஒண்ணும் இல்லையாமா."

தலையிலிருந்த சிவப்புத் துணியை உருவிச் சக்கரத்தின்மேல் போட்டார். அவள் மஞ்சளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். கைக்குக் கை கொடுப்பதும் பேசுவதைப் போலத்தான் என்பதால் அதுவும் ஆறு மாதமாக இல்லை. குமாரசாமி துணியைச் சுற்றிக்கொண்டு, மயில் இறகைச் செருகிக்கொண்டு, இடுப்பில் இரும்புக் கத்தி ஆட நடந்தார். எங்கே போய் நிற்கிறார் என்று தெய்வாத்தாள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மஞ்சள் படையின் வலதுகோடியில் போய் நின்றார். அவருக்கு நேர் எதிரே, சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், சிவப்புத் தலைப்பாகையும் வெள்ளிக் காகிதம் ஒட்டின மரக்கத்தியுமாக நின்றிருந்தவன் ஆறுச்சாமி. அவள் புருஷன்.



கோயமுத்தூர் டாக்கிப் படக் கம்பெனி ஒன்று அவிநாசிக்கு வடக்கே சோளம் அறுத்து உழுதுபோட்ட காட்டில் ஒரு யுத்தம் எடுப்பதற்காக வந்திருந்தது. சுற்றுவட்டாரத்து ஆண்களெல்லாம் கூலிக்குச் சிப்பாய். தெய்வாத்தாளுக்குத் தலைப்பாகைத் துணி கொடுத்து வாங்குகிற வேலை. சிப்பாய்களுக்குத் தண்ணீர் கொடுக்க நாலைந்து பெண்கள். படை வகுத்துக் கொடுப்பதற்கென்று கம்பெனியார் சுந்தரராஜுலுவை அழைத்து வந்திருந்தார்கள். அவர் பழைய பட்டாளத்துக்காரர். பஸ்ராவில் துருக்கியரோடு சண்டை போட்டு அவில்தாராகத் திரும்பியவர். மீசையை முறுக்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

முந்தின நாள் அவர் காடு முழுக்கச் சுண்ணாம்புக் கோடு போட்டு, தகரக் குழாயை வாயில் வைத்துச் சொன்னார்:

"இருவது பேருக்கு ஒரு தலைவன். அது ஒரு படை. வலது படை, இடது படை, நடுப் படை, மூணும் முன்னால. நாலாவது படை அந்தப் பனமரத்துக்குப் பின்னால மறஞ்சு நிக்கும். அது கையிருப்பு. கூப்பிட்டாத்தான் வரோணும். நாலு தலைவனுக்கும் மேல குதிரையில தளபதி. தளபதிக்கு மேல ராசா. உத்தரவு மேல இருந்து கீழ வரும். கீழ இருந்து மேல கேள்வி போகாது. தெரிஞ்சுதா?"

"ஏனுங்க அவில்தாருங்க, சண்டை யாருக்கும் யாருக்குமுங்க?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"கேள்வி போகாதுன்னு இப்பத்தான் சொன்னேன். சரி, கேட்டுக்கோ. அப்பன் செத்த பொறகு ராச்சியத்துக்காக அண்ணனும் தம்பியும் அடிச்சுக்கறாங்க. ஒரே நாடு, ரெண்டு படை. அண்ணன் படை செவப்பு, தம்பி படை மஞ்சள்."

"பங்காளிச் சண்டைங்களா? அதுக்கு எதுக்குங்க ஒத்திகை?"

காடே சிரித்தது. அவில்தார் சிரிக்கவில்லை. ஆட்களை உயரம் பார்த்துப் பிரித்தார். யார் மகன், எந்த ஊர், யாருக்கு யார் என்ன முறை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெட்டையானவர்கள் தலைவர்கள். அவர்களுக்கு மட்டும் மயில் இறகும் இரும்புக் கத்தியும். வெயிலில் மின்னாவிட்டால் காமிராவுக்குப் பிடிக்காதாம். குட்டையானவர்கள் முன்வரிசை. இந்தப் பக்கம் பத்துப் பேர் என்றால் எதிரே அதே உயரத்தில் பத்துப் பேர். பார்ப்பதற்கு என்னவோ அழகாகத்தான் இருந்தது.

ஆனால் ஒத்திகை ஒப்பேறவில்லை. சங்கு ஊதினதும் இரண்டு படையும் ஓடிவந்து மோதின, மோதின இடத்திலேயே கூழ் கிண்டுகிறவர்களைப் போலக் கத்தியை மெல்ல ஆட்டிக்கொண்டு நின்றன. மஞ்சள் படைத் தலைவன் பாலுசாமி, எதிரே நின்ற மாமனாரின் கேடயத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "வலிச்சுதுங்களா மாமா?" என்று கேட்டான். அவில்தார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எதிரியப் பாத்து வலிக்குதான்னு கேட்ட மொத படை உலகத்துலயே இதுதான்டா. நாளைக்கு இப்படி நின்னீங்கன்னா கூலி கெடையாது."

அது நேற்று. நேற்று ஆறுச்சாமியின் படைக்கு எதிரே நின்றது அந்தப் பாலுசாமிதான். சிவப்புப் படையின் மறுகோடியில், கூப்பிட்டால்கூடக் கேட்காத தூரத்தில் நின்றவர் குமாரசாமி. இன்றைக்கு அவர் பாலுசாமியின் இடத்தில் இருக்கிறார்.

ஆறு மாதத்துக்கு முன் பொதுக்கிணற்றில் யார் எந்த நாளில் மாடு கட்டிக் கவலை இறைப்பது என்று சண்டை வந்தபோது, குமாரசாமி கிணற்று மேட்டில் நின்று சொன்ன வார்த்தை தெய்வாத்தாளின் காதை விட்டுப் போகவில்லை. "ஆறுச்சாமி, ஊரே பாத்துக்கிட்டு நிக்கறப்ப உன்னைய மண்ணுல சாய்க்கறனா இல்லையா பாரு." இன்றைக்கு ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் கையில் இரும்பு இருந்தது. கூட்டத்தில் பட்டுவிட்டது, கை தவறிவிட்டது என்று சொன்னால் எந்தக் கோர்ட்டு கேட்கப்போகிறது?

சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போய்ப் புருஷனின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க, எதிர்ல யாருன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன். எனக்குக் கண்ணு இல்லையா?"

"நேத்து அவரு செவப்புங்க. இன்னைக்கு வந்து மஞ்சத்துணி கேட்டு வாங்கிக் கட்டிட்டுப் போறாரு. எதுக்குன்னு ரோசனை வேண்டாமுங்களா?"

"அவனுக்கு மஞ்சள் புடிச்சிருக்கும்."

"வெளையாடாதீங்க. வயித்து வலின்னு சொல்லிப்போட்டு வண்டிக்கிட்ட வந்து உக்காருங்க."

ஆறுச்சாமி அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தான். "ஏம்புள்ள, அவன் எதிர்ல வந்து நின்ன ஒடனே எனக்கு வயித்து வலி வந்துச்சுன்னா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? நாளைக்குக் கிணத்துலயும் எறங்காத, வயித்த வலிக்கும்பான். நீ போய் உன்ற துணியப் பாரு."

அவில்தாரிடம் போனாள். அவர் டைரக்டரோடு சைகையில் பேசிக்கொண்டிருந்தார். டைரக்டர் கல்கத்தாக்காரர், அவருக்குத் தமிழ் தெரியாது.

"ஏனுங்க, அந்த மஞ்சப் படைத் தலைவரு நேத்து அங்க இல்லீங்க. எடம் மாறி வந்து நிக்கறாருங்க."

"தலைப்பாகை எண்ணிக்கை சரியா இருக்குதா?"

"எண்ணிக்கை சரிதானுங்க. அவரும் எங்கூட்டுக்காரரும் ஆகாதவிங்க."

சுந்தரராஜுலு மீசையைத் தடவிக்கொண்டார். "அம்மணி, சண்டைன்னா எதிர்ல எதிரிதான் நிக்கோணும். நேத்து நின்னாங்களே, அதுவா சண்டை? இன்னைக்கு அவனுக கண்ணப் பாரு. பஸ்ராவுலகூட நான் இப்படிப் பாத்ததில்ல."

"அந்தக் கத்தியவாவது மாத்திக் குடுங்க."

"மழுங்குன கத்தி. வாழத்தண்டு வெட்டுனா பாதில நிக்கும். போ, போ."

மழுங்கின கத்தி என்றால் குமாரசாமி எதற்காகக் கட்டைவிரலால் அதன் வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்? தெய்வாத்தாளுக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. இன்னும் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்த மயிலாத்தாள். குமாரசாமியின் சம்சாரம். ஆறு மாதத்துக்கு முன்புவரை இரண்டு பேருக்கும் தலைவாரிக்கொள்வது ஒரே சீப்பில்.

தெய்வாத்தாள் குடத்தைப் பார்த்தாள். பிறகு குடத்தை விட்டுவிட்டு முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, பேச்ச முறிச்சவிக ஆம்பளைக. நான் உன்றகிட்டக் கேக்கறேன். உன்ற ஊட்டுக்காரரு எதுக்கு எடம் மாறுனாரு?"

மயிலாத்தாள் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டாள். "ஏன் கண்ணு, தெரியாத மாதிரியே கேக்கற? நேத்து அவிகளுக்கு எதிர்ல நின்னது யாரு? என்ற அண்ணன் ராசப்பன். வைகாசில என்ற புள்ளைய அண்ணன் பையனுக்குக் குடுக்கறோம். உறுதி வார்த்தை ஆயாச்சு. கல்யாணம் வெச்சுக்கிட்டு மச்சான் மேல கத்திய ஓங்கறதா? அண்ணன் செத்த மாதிரி மண்ணுல விழறதா? நடிப்பானாலும் அபசகுனம் அபசகுனந்தான. அதுதான் பாலுசாமிகிட்டக் கேட்டு மாத்திக்கிட்டாங்க. அவனுக்கும் எதிர்ல மாமனாரு நின்னாரல்ல? அவனுக்கும் சந்தோசந்தான்."

"சரி. இத்தனை பேரு இருக்க, எதிர்ல நிக்க என்ற புருசன்தான் கெடச்சாரா?"

"உங்களோடதான் பேச்சே இல்லையே அம்மணி. பேச்சு இல்லாத எடத்துல மனஸ்தாபம் எங்கிருந்து வரும்?"

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததுதான் தெய்வாத்தாளுக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு பொருத்தமாக ஒரு பதில் தயாராக இருக்கிறதென்றால் அதை யார் தயார் பண்ணினார்கள்? கிணற்று மேட்டில் சொன்ன வார்த்தைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா?

அப்போதுதான் அவளுக்குக் காலையிலிருந்து துணி மாற்றிக்கொண்டு போனவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். குமாரசாமி ஒருவர் மட்டும் அல்ல. விடிந்ததிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் வந்து சிவப்பைக் கொடுத்து மஞ்சளும், மஞ்சளைக் கொடுத்துச் சிவப்பும் வாங்கிப் போயிருந்தார்கள். ஒன்று வந்தால் ஒன்று போனதால் எண்ணிக்கை மட்டும் குறையவேயில்லை. அவளும் பேசாமல் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது இரண்டு வரிசையையும் நிதானமாகப் பார்த்தாள். வேலியைத் தள்ளிப் போட்டவனுக்கு எதிரே வேலி இழந்தவன். ஆடு மேய்ந்த காட்டுக்காரனுக்கு எதிரே ஆட்டுக்காரன். சீர் குறைந்துபோனதென்று பந்தலிலிருந்து எழுந்து போனவனுக்கு எதிரே பந்தல் போட்டவன். மாமன் மச்சான்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் சேர்ந்துகொண்டுவிட்டார்கள். முறை உள்ளவன்மேல் கத்தி ஓங்கக் கூடாதென்று ஆளுக்கு ஆள் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் எதிரே நிற்கப் பேச்சில்லாதவன் ஒருத்தன்தான் ஒவ்வொருத்தனுக்கும் மிச்சம். அவில்தார் உயரம் பார்த்து வகுத்த படை நேற்றோடு போயிற்று. இங்கே நிற்பது வேறு படை.

"அக்கா," என்றாள். "மச்சான வெட்டுனா அபசகுனம்னா, பங்காளிய வெட்டுனா தீட்டு இல்லையா? ரெண்டு பேரும் ஒரே பாட்டன் வழி. என்ற புருசன் அங்க செத்து விழுந்தா உன்ற ஊட்டுக்கும்தான தீட்டு? அதுவும் கல்யாணம் வெச்ச ஊடு."

மயிலாத்தாளின் கை குடத்தின் கழுத்திலேயே நின்றுவிட்டது.

"அத அவிக ரோசிக்கலையே."

"போய்ச் சொல்லு. ஓடு."

மயிலாத்தாள் குடத்தை வைத்துவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினாள். பாதிக் காடு தாண்டியிருக்கமாட்டாள். சங்கு ஊதிவிட்டார்கள்.

இரண்டு வரிசையும் ஒரே சத்தத்தோடு கிளம்பின. புழுதி எழுந்து பனைமரம் வரைக்கும் மறைத்தது. மரத்தில் மரம் மோதுகிற சத்தம் நேற்றைப் போல இல்லை. யாரோ யாரையோ, "வேலியவா தள்ளிப் போடற" என்று கேட்டுக் கேட்டு அடிக்கிற சத்தம். யாரோ, "ஆட்ட எங்கடா கட்டி வெச்சே?" என்கிற சத்தம். டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார்.

திட்டப்படி சிவப்பின் இடது படை சாக வேண்டும். அது செத்தால் மஞ்சள் உள்ளே புகும், அப்போது மறைந்திருக்கிற கையிருப்பு வந்து ராசாவைக் காப்பாற்றும். ஆனால் சிவப்பின் இடது படையில் ஒருத்தன்கூடச் சாகவில்லை. அவனவனுக்கு எதிரே நிற்பவன் அப்பேர்ப்பட்டவன். அவன் கையால் விழுந்தான் என்ற பேச்சை யார் சுமப்பது?

"சாகுங்கடா," என்று அவில்தார் குழாயில் கத்தினார். "செவப்பு எடது பக்கம், சாகுங்க. உத்தரவு."

ஒருவனும் சாகவில்லை. கையிருப்புப் படை மட்டும் சாவதற்கு ஆள் தேவைப்படுகிறதென்று நினைத்து மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

தெய்வாத்தாள் மற்றவர்களைப் பார்க்கவில்லை. புழுதிக்குள் ஒரு மயில் இறகை மட்டும் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே கண்ணை ஓட்டினாள். இறகு ஆறுச்சாமியை நெருங்கியது. ஆறுச்சாமி விழவில்லை. மரக்கத்தி இரண்டாக முறிந்தது. அப்போதும் விழவில்லை, பாதிக் கத்தியோடு நின்றான். குமாரசாமி கேடயத்தால் அவன் நெஞ்சில் ஒரு தள்ளுத் தள்ளினார். ஆறுச்சாமி மல்லாந்தான். இரும்புக் கத்தி மேலே போனது, வெயிலில் மின்னியது, இறங்கியது.

நடுவில் புழுதி வந்துவிட்டது.

அவள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஓடினாள். மறுபடி சங்கு ஊதி எல்லோரும் நின்றிருந்தார்கள். ஆறுச்சாமி மல்லாந்த நிலையிலேயே மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விலாவுக்கும் கைக்கும் நடுவே, உழுத மண்ணில், கத்தி ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கி நின்றது. ரத்தம் இல்லை. சட்டையில் ஒரு கிழிசல்கூட இல்லை.

குமாரசாமி குனிந்து கத்தியைப் பிடுங்கினார். கத்தியின் பிடியைப் பார்த்துச் சொன்னார்: "கை வழுக்கிப்போச்சாமா."

தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

தெய்வாத்தாள் புருஷனைத் தூக்கி உட்காரவைத்து முதுகு, தோள், விலா எல்லாம் தடவிப் பார்த்தாள். மயிலாத்தாள் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"அக்கா, நான் சொன்னத அவருகிட்டச் சொன்னயா?"

"எங்க சொன்னேன்? நான் போறதுக்குள்ளதான் ஊதிப்போட்டாங்களே."

"அப்ப அவருக்குத் தெரியாது."

"தெரியாது கண்ணு. ஆனா பாரு, பங்காளி ரத்தமல்ல? கை தானா வெலகியிருக்கும்."

தெய்வாத்தாளுக்கு அது போதவில்லை. வழுக்கியது எந்தப் பக்கமாக வழுக்கியது? மண்ணைக் குத்தப் போன கை விலாப் பக்கம் வழுக்கியதா, விலாவைக் குத்தப் போன கை மண்ணுக்கு வழுக்கியதா? அவரைக் கேட்டால் சக்கரத்துக்குப் பதில் சொல்வார். புருஷனைக் கேட்டாள்.

"கத்திய எறக்கறப்ப அவரு மொகம் எப்படி இருந்துச்சுங்க?"

"வெயிலு நேராக் கண்ணுல அடிச்சுது புள்ள. மொகம் தெரியல."

"வேணும்னே தள்ளிக் குத்துனாரா, தப்பிப்போய்த் தள்ளிக் குத்துனாரா?"

"எனக்கெப்படித் தெரியும்? மண்ணக் கேளு." சொல்லிவிட்டு ஆறுச்சாமி சிரிக்கப் பார்த்தான். உதடு விரியவில்லை.

டைரக்டருக்கு ஏக சந்தோஷம். ஆனால் சாகவேண்டியவர்கள் சாகாததால் இன்னொரு தடவை எடுக்க வேண்டுமாம். வெயில் சாய்வதற்குள் எல்லோரும் அதே இடத்தில், அதே கத்தியோடு நிற்க வேண்டும். அவில்தார் கோடு கோடாக நடந்து வந்தவர், மண்ணில் கத்தி இறங்கியிருந்த ஓட்டையைப் பார்த்து நின்றார். அவர் நிஜமான யுத்தம் பார்த்தவர். மீசைக்குப் போன கை பாதியில் நின்றது.

"இது எப்ப ஆச்சு?"

"நான் அப்பவே சொன்னனுங்க."

"கத்திய மாத்த முடியாது அம்மணி. மொதல்ல எடுத்ததுல இரும்பு மின்னிருச்சு, இதுலயும் மின்னாட்டி ஒட்டாதுங்கறாரு டைரக்டரு." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்றேன். மஞ்சள்ல ஒருத்தனுக்குக் கால் சுளுக்கிப்போச்சு. அந்தக் குமாரசாமிக்குப் பக்கத்து எடம் காலி. உன்ற புருசன அங்க நிறுத்திப்போடறேன். ரெண்டு பேரும் ஒரே படை, தோளோட தோளு. வெட்டிக்கறதுக்கு வேலையே இல்ல. போ, மஞ்சத்துணி எடுத்தா."

தெய்வாத்தாள் வண்டிக்குப் போய் மஞ்சள் துணியை எடுத்தாள். எடுத்துக்கொண்டு பாதி வழி வந்தாள். அங்கிருந்து பார்த்தால் மஞ்சள் வரிசையின் முதுகு முழுக்கத் தெரிந்தது. அத்தனை முதுகும் நெருக்கி நின்றன. புழுதி கிளம்பிவிட்டால் எந்த முதுகு யாருடையது, எந்தக் கை எங்கே இருக்கிறது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். குமாரசாமியின் பக்கத்தில் இருந்த காலி இடம் ஒரு ஆள் அகலம்கூட இல்லை.

அவள் திரும்பி அவில்தாரிடம் வந்தாள்.

"எதிர்லயே நிக்கட்டுங்க."

"இப்பத்தான் மாத்தச் சொன்ன?"

"பக்கத்துல நின்னா கை எங்க போகுதுன்னு தெரியாதுங்க. எதிர்ல நின்னாத் தெரியும்."

சுந்தரராஜுலு அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கோட்டுக்குப் போனார்.

தெய்வாத்தாள் கையிலிருந்த மஞ்சள் துணியை நாலாக மடித்துப் புருஷனின் சட்டைக்குள் விலாப் பக்கம் திணித்தாள். அதன்மேல் இடுப்புக்கச்சையை இறுக்கினாள். சிவப்புத் தலைப்பாகையை அவிழ்த்துக் காதை மூடி மறுபடி கட்டினாள். ஆறுச்சாமி இந்தத் தடவை, "எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்கவில்லை.

"சங்கு ஊதுன ஒடனே நீங்களா விழுந்திருங்க."

"அவன் கிட்ட வாரதுக்கு முன்னாலயேவா?"

"ஆமாங்க."

"பாக்கலாம்," என்றான் ஆறுச்சாமி, எதிரே பார்த்துக்கொண்டு.

அந்தப் 'பாக்கலாம்' என்ன அர்த்தத்தில் வந்தது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. கேட்க நேரமும் இல்லை. எல்லோரையும் கோட்டுக்கு வெளியே விரட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றப் பெண்கள் எல்லோரும் நிழல் பார்த்து வண்டிப் பக்கம் போனார்கள். தெய்வாத்தாள் மட்டும் சுற்றிக்கொண்டு போய், குமாரசாமியின் வலது கை நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து வெயிலில் நின்றாள். அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக நேராக அவள் முகத்தையே பார்த்தார். அவள் கண்ணை அவர் முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. கையிலேயே வைத்திருந்தாள்.

சங்கு ஊதினார்கள்.